ஃபவுண்டன்ஸ் மடாலய இடிபாடுகள்: ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

வைகைக்கரை

வணக்கம். நாங்கள் லீட்ஸில் இருக்கிறோம். அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். வடக்கு யார்க்ஷயரில் ரிப்பன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபவுண்டன்ஸ் மடாலயத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அப்பா பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், கட்டடம் என்றால் கல் கல்லாகப் பார்ப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்ற இறக்கம் ஆகாது.

கார் இல்லாமல் போக முடியுமா? எந்த வாசலில் நுழைவது நல்லது? கூரை, தளம் எதுவும் இல்லாத இடத்தில் எது எந்த அறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படங்களைப் பார்த்தால் எல்லாம் வளைவும் தூணுமாக ஒரே மாதிரி இருக்கிறது. முடிந்தால் ரீவோ மடாலயத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஸ்கெல்_ஓரம்

போக்குவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிப்பனுக்கு ரயில் கிடையாது, 1967லேயே பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். லீட்ஸிலிருந்து ஹாரோகேட் வரை ரயில், அங்கிருந்து 36ஆம் எண் பேருந்தில் ரிப்பன். அதே 36 லீட்ஸிலிருந்தே புறப்படுகிறது. மாறி ஏற வேண்டாம் என்றால் அதிலேயே உட்கார்ந்துவிடலாம், நேரம்தான் கூடுதல். ரிப்பனிலிருந்து மடாலயம் சுமார் 4 மைல். அந்தக் கடைசி 4 மைலில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளூர்ப் பேருந்து ஒரு நாளைக்குச் சில முறைதான், எல்லா நாளும் ஓடாது. அம்மா கூட வருவதால் ரிப்பன் சந்தைத் திடலிலிருந்து டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வண்டியையும் காலையிலேயே நேரம் சொல்லிப் பேசி வையுங்கள். மாலையில் அங்கே நின்றுகொண்டு வண்டி தேடுவது சிரமம்.

வாசல்கள் மூன்று. பெரும்பாலோர் நுழைவது பார்வையாளர் மையம். அது மேட்டில் இருக்கிறது, மடாலயம் பள்ளத்தாக்கில். இறங்க 10 நிமிடம் போதும், ஆனால் பாதை செங்குத்து. அம்மாவுக்கு இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவதுதான் பாடு. மேற்கு வாசல் ஏறக்குறைய மடாலயத்தின் மட்டத்திலேயே இருக்கிறது, நடக்கச் சிரமப்படுவோருக்கு வசதியான வழி அதுதான். சக்கர நாற்காலி, மின்வண்டி இரண்டும் இரவல் தருகிறார்கள், ஆனால் முன்பதிவு வேண்டும். போகும் நாளுக்கு முன்பே கூப்பிட்டு, மேற்கு வாசலில் டாக்ஸி இறக்கிவிடலாமா, மையத்திலிருந்து சிற்றுந்து ஓடுகிறதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கிழக்கே ஏரிப் பக்கம் இருக்கும் ஸ்டட்லி வாசல். அங்கிருந்து நீர்த்தோட்டம் வழியாக ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடந்து மடாலயத்துக்கு வர வேண்டும். ஆற்றோரமாக வந்தால் பாதை பெரும்பாலும் சமதளம்.

நுழைவுச்சீட்டு: இடம் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் சொத்து. இடிபாடுகளைப் பராமரிப்பதில் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற இன்னொரு அமைப்புக்கும் பங்கு உண்டு. ரீவோ முழுக்க முழுக்க இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் கையில். ஒன்றில் உறுப்பினரானால் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். போகப்போகும் இடங்களை எழுதி வைத்துக்கொண்டு எந்த அட்டை எங்கே செல்லும் என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

சுண்ணாம்புச்சாந்து

எது எந்த அறை என்ற கேள்விக்கு என் பதில்: கோயிலில் தொடங்காதீர்கள், தண்ணீரில் தொடங்குங்கள். இது சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவியர் சபையின் மடம். இந்தச் சபையினர் ஐரோப்பா முழுக்க ஏறக்குறைய ஒரே வரைபடத்தில் கட்டினார்கள். ஒன்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்றவையும் தானாகப் புரியும்.

ஸ்கெல் ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஆற்றுக்கு வடக்கே நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த ஒரு சதுர முற்றம். அதன் வடக்கு விளிம்பில் கோயில். கிழக்குப் பக்கம் துறவியர் கூடிப் பேசும் பேரவைக் கூடம், அதன் மாடியில் அவர்கள் படுக்கும் கூடம். தெற்கே நெருப்பு மூட்டிக் குளிர்காயும் கணப்பறை, உணவுக்கூடம், சமையற்கட்டு. மேற்கே நீண்ட கிடங்கு, அதன் மாடியில் பணிச் சகோதரர்கள் படுக்கும் கூடம். வயல், ஆடு, ஆலை என்று உடலுழைப்பைச் செய்தவர்கள் இந்தச் சகோதரர்கள். கம்பளி விற்றுச் சேர்ந்த செல்வம்தான் இந்தக் கட்டடங்கள் என்பதால், அவர்கள் பகுதி துறவியர் பகுதிக்குச் சளைத்ததல்ல. தெற்குக் கட்டடங்கள் ஆற்றை ஒட்டி நிற்பதற்குக் காரணம் கழிவுநீர். கிடங்கின் தென்கோடி ஆற்றின் மேலேயே ஏறி நிற்கிறது, பக்கத்திலேயே கழிப்பறைக் கட்டடம், கழிவை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். இன்னும் கிழக்கே நோயாளிகள் தங்கும் கூடத்தைக் கட்ட மேட்டில் இடம் போதவில்லை. அதனால் ஆற்றின் குறுக்கே பக்கம் பக்கமாக நான்கு கல் சுரங்கம் கட்டி, அதன் மேல் கூடத்தை எழுப்பினார்கள். உங்கள் அப்பாவை அங்கே நிறுத்திவிட்டால் அரை மணி நேரம் அசையமாட்டார்.

இனி சுவரைப் படிப்பது. கீழ்க்கண்ட அடையாளங்கள் தெரிந்தால் போதும், பலகையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

சுவரில் ஒரே உயரத்தில் வரிசையாகச் சதுரக் குழிகளோ, துருத்தி நிற்கும் கற்களோ இருந்தால் அங்கே மரத்தளம் இருந்தது. குழியில் உத்தரத்தின் முனை நுழைந்திருக்கும், துருத்திய கல்லின் மேல் உத்தரம் உட்கார்ந்திருக்கும். சுவரில் சாய்கோடாக ஓடும் கல்விளிம்பு, கூரை வந்து மோதிய இடம். மழைநீர் இணைப்பில் இறங்காமல் தடுக்க வைத்தது. அந்தச் சாய்வைப் பார்த்தே கூரையின் உயரத்தையும் சரிவையும் மனதில் வரைந்துகொள்ளலாம். படியே இல்லாமல் அந்தரத்தில் ஒரு கதவு தெரிந்தால் அதற்குக் கீழே படி இருந்தது என்று பொருள். கோயிலின் தெற்குக் குறுக்குக்கூடத்தில் (நீண்ட கோயிலிலிருந்து குறுக்கே தெற்காக நீளும் பகுதி) அப்படி ஒன்று இருக்கிறது. நள்ளிரவு வழிபாட்டுக்குத் துறவியர் படுக்கைக் கூடத்திலிருந்து வெளியே போகாமல் நேராக இறங்கிய வழி அது. சுவரிலிருந்து விசிறிபோலக் கிளம்பிப் பாதியில் அறுந்து நிற்கும் கற்கள், விழுந்துபோன வளைவுக் கூரையின் அடிப்பாகம். பேரவைக் கூடத்தில் இது தெளிவாகத் தெரியும்.

அடுப்பைக் கண்டுபிடிக்க நிறத்தைப் பாருங்கள். இரும்புச்சத்துள்ள மணற்கல் நல்ல சூட்டில் சிவந்துவிடும், அந்த நிறம் மறுபடி மாறாது. கணப்பறையில் இரண்டு மாபெரும் அடுப்புகள் இருந்தன, ஒன்று இப்போதும் திறந்தே இருக்கிறது. அதன் மேற்பக்கம் வளைவாக இல்லை, தட்டையாக இருக்கிறது. ஆனால் ஒரே கல் இல்லை. பக்கவாட்டில் பல்லும் பள்ளமுமாகச் செதுக்கி ஒன்றோடொன்று கோத்த பல துண்டுகள். எடை ஏற ஏற இறுகும், நழுவாது. கிட்டே போய் இணைப்புக் கோட்டை விரலால் காற்றில் பின்தொடருங்கள், கல்லைத் தொட வேண்டாம்.

உணவுக்கூட வாசலுக்கு இரு பக்கமும் சுவரில் வளைவு வரிசை இருக்கும், அது கைகழுவும் தொட்டி இருந்த இடம். உள்ளே சுவரின் கனத்துக்குள்ளேயே ஏறும் படி, சாப்பிடும்போது ஒருவர் நின்று வாசிக்கும் மேடைக்குப் போவது. இந்த உணவுக்கூடம் முற்றத்தை ஒட்டிப் படுக்காமல், முற்றத்துக்குச் செங்குத்தாகத் தெற்கே நீண்டிருக்கும். அதனால்தான் ஒரு பக்கம் கணப்பறைக்கும் மறுபக்கம் சமையற்கட்டுக்கும் இடம் கிடைத்தது. இது சிஸ்டர்சியன் வழக்கம்.

கடைசியாகக் கிடங்கு. சுமார் 90 மீட்டர் நீளம், 22 கண்ணறை (தூணுக்குத் தூண் இடைவெளி), வளைவுக் கூரை முழுசாக நிற்கிறது. நடுவே ஒரே வரிசைத் தூண்கள். தூணுக்குத் தலைப்பகுதியே கிடையாது, விலா எலும்பு போன்ற கல்வரிகள் தூணிலிருந்தே கிளம்பிக் கூரையில் போய்ச் சேர்கின்றன. இன்று ஒரே கூடமாகத் தெரிந்தாலும் அன்று குறுக்குச் சுவர்கள் வைத்துப் பிரித்திருந்தார்கள். தெற்குப் பகுதி சகோதரர்களின் உணவுக்கூடம், மற்றவை சரக்கறை. மேலே வௌவால்கள் குடியிருக்கின்றன, ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

வைகைக்கரை

மிக்க நன்றி, இதை அப்படியே அச்செடுத்து அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். இரண்டு சந்தேகம். இவ்வளவு பெரிய கோபுரம் கோயிலின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஏன் நிற்கிறது? கூரை போனது சரி, பிறகு சுவர்கள் மட்டும் எப்படி இத்தனை நாள் விழாமல் நிற்கின்றன?

சுண்ணாம்புச்சாந்து

இரண்டும் நல்ல கேள்விகள்.

மடம் தொடங்கியது 1132. யார்க் நகரத்துத் தூய மேரி மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று பிரிந்து வந்த 13 துறவியர் தொடங்கியது. எளிமைதான் அவர்கள் கொள்கை, மணிக்குக் கற்கோபுரம் கட்டக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டில் அந்தச் சபை விதியே போட்டது. சுமார் 50 மீட்டர் உயரமுள்ள இன்றைய கோபுரம் அதற்கெல்லாம் வெகு காலம் பிந்தியது. 1495 முதல் 1526 வரை மடத்தலைவராக இருந்த மார்மடியூக் ஹூபி கட்டியது. நடுக்கோபுரத்தை உயர்த்தலாம் என்றுதான் முதலில் பார்த்தார்கள். கீழிருக்கும் தூண்கள் தாங்கவில்லை. கோயிலும் குறுக்குக்கூடமும் வெட்டும் இடத்தின் தென்கிழக்கு மூலையில் பெரிய முட்டுக்கல் கட்டு இன்றும் இருக்கிறது, அதைப் பார்த்தாலே சிக்கல் விளங்கிவிடும். கடைசியில் அதைக் கைவிட்டு, வடக்குக் குறுக்குக்கூடத்தின் முனையில் புதிய அடித்தளம் போட்டுத் தனியாக எழுப்பினார்கள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு மாடியின் அடுப்பும் சாளரமும் அந்தரத்தில் தொங்கும். மேலே ஏற விடுவதில்லை.

விரிசல் பற்றி அப்பாவுக்குப் பிடித்த இடம் இன்னொன்று இருக்கிறது. கோயிலின் கிழக்குக் கோடியில் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒன்பது பலிபீடக் கூடம். இங்கிலாந்தில் இதே அமைப்பில் இன்னொன்று டரம் பேராலயத்தில் மட்டும். அங்கே ஒரு சாளரத்துக்கு மேல் சுவர் பிளந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் டார்ண்டன் மடத்தலைவராக இருந்தபோது பிளவின் மேல் புதுக் கற்களைப் பூட்டித் தைத்தார்கள். அந்தக் கற்களில் வாயிலிருந்து இலை தழைக்கும் முகமும், தேவதையும் செதுக்கியிருக்கிறார்கள். கண்ணை மேலே ஓட்டித் தேடினால்தான் அகப்படும், சிறிய தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்.

சுவர் நிற்கும் சங்கதிக்கு வருவோம். 1539 நவம்பரில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடத்தை எடுத்துக்கொண்டார்கள். முதலில் பறிபோனது ஈயம், கூரைத் தகடு முழுவதையும் உரித்து உருக்கினார்கள். ஈயம் போனால் மரம் நனையும், மரம் மக்கினால் கூரை விழும். இந்தச் சுவர் முழுக் கல் கிடையாது. வெளியிலும் உள்ளிலும் செதுக்கிய கல், நடுவில் சுண்ணாம்புச் சாந்தில் போட்ட உடைகல். உச்சி திறந்துவிட்டால் மழைநீர் நடுவில் இறங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிந்து, வெளிக்கல்லைப் பிதுக்கித் தள்ளும். சுவர் சாய்ந்து விழுவது அரிது, முகக்கல் உரிந்து விழுவதே பெரும்பாலும் நடக்கும்.

ஃபவுண்டன்ஸ் தப்பியதற்கு ஒரு காரணம், பக்கத்தில் பெரிய ஊர் இல்லாததால் கல்லை இழுத்துப்போக ஆள் குறைவு. ஓரளவு போகத்தான் செய்தது, மேற்கு வாசலருகே இருக்கும் ஃபவுண்டன்ஸ் மாளிகையை 1598க்குப் பிறகு கட்டியபோது மடத்துக் கல்லைத்தான் எடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஐலபி இடத்தை வாங்கித் தன் தோட்டத்துக்குக் காட்சியாக வைத்துக்கொண்டதும் ஒரு பாதுகாப்பாயிற்று. இன்று பழுதுபார்ப்பில் சுண்ணாம்புச் சாந்துதான். சிமென்ட் வைத்துப் பூசினால் அது கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேற முயன்று கல்லின் முகம் தூளாக உதிரும், இணைப்பு மட்டும் வரம்பு போல நிற்கும். எங்காவது அப்படிப் பார்த்தால் அது பழைய சிமென்ட் வேலை.

தூறல்

நேரமும் வெளிச்சமும் பற்றிச் சிலது. இந்த இடம் ஏறக்குறைய 54 பாகை வட அட்சரேகை. டிசம்பரில் உச்சி வேளையிலும் சூரியன் தொடுவானத்திலிருந்து 12, 13 பாகைக்கு மேல் வராது. தெற்கே மேடு வேறு இருப்பதால் முற்றம் நாள் முழுக்க நிழலில் கிடக்கும், மாலை நாலுக்குள் இருட்டிவிடும். அப்பா சுவரில் அடையாளங்கள் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதுவும் வெயில் சாய்வாக விழும் காலை அல்லது பிற்பகல். நடுப்பகல் நேர்வெளிச்சத்தில் செதுக்கு வரிகள் தட்டையாகிவிடும். கோயிலின் மேற்கு முகப்புக்குப் பிற்பகல், ஒன்பது பலிபீடக் கூடத்தின் வெளிப்புறத்துக்குக் காலை. டிரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது.

காலணி முக்கியம். பாசி பிடித்த மணற்கல் மழையில் சவுக்காரம் போல வழுக்கும், கோயிலுக்குள் தரை புல்லும் சமமில்லாத கல்லும். அம்மாவுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ, ஊன்றுகோல் இரண்டும் வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் ஸ்கெல்_ஓரத்துடன் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூவரும் ஒன்றாகத்தான் நுழைய வேண்டும் என்றில்லை. அம்மாவும் நீங்களும் மேற்கு வாசலில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் மாவு ஆலையைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, 1927 வரை அரைத்துக்கொண்டிருந்தது. அப்பா ஸ்டட்லி வாசலில் இறங்கி நடந்து வரட்டும். அந்த வழியில் ஓர் உயரமான இடம் இருக்கிறது, அதற்கு ஆன் பொலின் இருக்கை என்று பெயர். அங்கே திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து, கோடியில் மடத்தின் கிழக்குப் பக்கம் தெரியும். தோட்டம் போட்டவர்கள் திட்டமிட்டு மறைத்து வைத்த காட்சி அது. ஏற்றம் உண்டு, அதனால் அம்மாவுக்கு ஆகாது.

அப்பா சென்னையில் வேலை பார்த்தவர் என்றால் ஸ்டட்லி பக்கம் போக இன்னொரு காரணமும் உண்டு. மான் பூங்காவில் வில்லியம் பர்ஜஸ் 1871 முதல் 1878 வரை கட்டிய தூய மேரி ஆலயம் இருக்கிறது. 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபுவின் கல்லறை அதற்குள்தான். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குப் பெயர் கொடுத்தவர் அவரே. ஸ்டட்லி எஸ்டேட்டும் இந்த மடாலய இடிபாடுகளும் அன்று அவர் சொத்து. ஆலயம் எல்லா நாளும் திறப்பதில்லை, நேரம் பார்த்துப் போக வேண்டும்.

ஸ்கெல்_ஓரம்

அப்பாவைத் தனியே அந்த வழியில் விடும் யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மடத்தில் சந்திக்கும் இடமாகக் கிடங்கின் வடக்குக் கதவைச் சொல்லி வையுங்கள். மழை வந்தாலும் மேலே கூரை இருக்கும்.

ரீவோ பற்றி யாரும் சொல்லவில்லை. பேருந்தில் என்றால் அதே நாளில் வேண்டாம், இரண்டும் கெட்டுவிடும். ரீவோவுக்குப் பக்கத்து ஊர் ஹெல்ம்ஸ்லி, அங்கும் ரயில் இல்லை. வாடகைக் கார் எடுத்தால் முடியும். ஃபவுண்டன்ஸிலிருந்து திர்ஸ்க் வழியாக ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் திர்ஸ்குக்கு அப்பால் ஏ170 சாலையில் சட்டன் பேங்க் ஏற்றம், நாலுக்கு ஒன்று சரிவு, இழுவை வீட்டு வண்டிகளுக்கு அங்கே தடையே போட்டிருக்கிறார்கள். மலைப்பாதை பழக்கமில்லை என்றால் காக்ஸ்வோல்ட் வழியாகச் சுற்றிப் போங்கள். அந்த வழியில் பைலண்ட் மடாலயம் வரும், நுழைவு இலவசம். முகப்பில் பாதி உடைந்த வட்டச் சாளரமும், தரையில் இன்றும் பதிந்திருக்கும் பச்சை மஞ்சள் மெருகு ஓடுகளும் பார்க்க வேண்டியவை. ஃபவுண்டன்ஸில் இப்படி ஓட்டுத்தரை கொஞ்சமே மிச்சம்.

ரீவோவில் ஒன்று கவனியுங்கள். பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் கோயிலைக் கிழக்கு மேற்காகப் போட முடியாமல், ஏறக்குறைய வடக்கு தெற்காகத் திருப்பிக் கட்டினார்கள். பலகையில் கிழக்கு என்று போட்டிருந்தால் திசைகாட்டியில் அது தெற்குப் பக்கமாக இருக்கும். வெளிச்சக் கணக்கு போடும்போது தப்பாமல் பாருங்கள். இன்னொன்று, மேலே இருக்கும் ரீவோ டெரஸ் வேறு, கீழே இருக்கும் மடாலயம் வேறு. டெரஸ் நேஷனல் டிரஸ்ட், மடாலயம் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ், தனித்தனிச் சீட்டு. மேலிருந்து கீழே நேராக இறங்க வழி கிடையாது, சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். வழிகாட்டிச் செயலியில் ரீவோ என்று மட்டும் தட்டினால் பலரும் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள். முழுப்பெயரைத் தட்டுங்கள்.

வைகைக்கரை

முடிவு செய்துவிட்டேன். முதல் நாள் ஃபவுண்டன்ஸ் மட்டும், பேருந்தும் டாக்ஸியும். கார் எடுத்தால் வேறொரு நாள் பைலண்டும் ரீவோவும். சக்கர நாற்காலிக்கு நாளைக்கே கூப்பிடுகிறேன். லீட்ஸுக்குள்ளேயே கிர்க்ஸ்டால் மடாலயம் இருக்கிறதே, அதுவும் இதே வரைபடம்தானா?

சுண்ணாம்புச்சாந்து

அதேதான். 1147இல் ஃபவுண்டன்ஸிலிருந்து புறப்பட்ட துறவியர் 1152இல் அந்த இடத்துக்கு வந்து அமைத்த கிளை மடம் அது, வடக்கே கோயில், தெற்கே முற்றம், அதற்கும் தெற்கே ஏர் ஆறு. கோயில் சுவர்கள் கூரை மட்டம் வரை நிற்கின்றன, தரையும் பெரும்பாலும் சமம். ஃபவுண்டன்ஸ் போவதற்கு முன் ஒரு மாலை அப்பாவை அங்கே கூட்டிப்போய், பேரவைக் கூடம் எது, கணப்பறை எது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.